வேப்பிலைச் சாறு தடவிய சிவப்புப் பாசிமணி

இன்குபேட்டரில் வைத்த 15 நாட்டுக்கோழி முட்டைகளில் 11 பொரிந்துவிட்டன. சரியாக 21 நாள். தாய்க்கோழியைப் பார்த்தே இராத குஞ்சுகள். எது பிறவியிலேயே வருகிறது, எது பழகி வருகிறது என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

நாள் 1: ஈரம் காய்ந்து எழுந்து நின்றதும் கொத்த ஆரம்பித்துவிட்டன. செய்தித்தாள் எழுத்து, என் விரல் நகம், பக்கத்துக் குஞ்சின் கால் என்று எதையும் விடவில்லை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டக்ளஸ் ஸ்பால்டிங் 1873இல் எழுதியது நினைவுக்கு வந்தது. பொரிந்த உடனே குஞ்சுகளின் தலையில் கண்ணை மறைக்கும் உறை மாட்டி, ஓரிரு நாள் கழித்துக் கழற்றினாராம். சில நிமிடங்களிலேயே அவை ஊர்ந்துபோகும் பூச்சியைக் கண்ணால் தொடர்ந்திருக்கின்றன. ஆக, கொத்துவது கூடவே பிறந்தது. எதைக் கொத்தக்கூடாது என்பது?

நாள் 2: சிவப்பு, நீலம் என இரண்டு பெரிய பாசிமணிகளைக் கம்பி நுனியில் கோத்துக் காட்டினேன். இரண்டையும் ஆசையாகக் கொத்தின. நிறத்தைப் பார்த்துப் பயமில்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் இது.

நாள் 3: சிவப்புப் பாசியை மட்டும் கெட்டியான வேப்பிலைச் சாற்றில் தோய்த்துக் காட்டினேன். முதல் குஞ்சு ஓங்கிக் கொத்தியது. ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு தலையைப் படபடவென்று உதறி, அலகை இரண்டு பக்கமும் தாளில் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. நாம் கஷாயம் குடித்துவிட்டு முகம் சுளிப்போமே, அதேதான்! உதறுவதையும் துடைப்பதையும்கூட யாரும் கற்றுத்தரவில்லை.

நாள் 4: கழுவிய சிவப்புப் பாசி, கசப்பே இல்லை. 11இல் 8 குஞ்சுகள் பார்த்ததும் பின்வாங்கின. அதே குஞ்சுகள் நீலத்தைத் தயங்காமல் கொத்தின. ஒரே ஒரு கொத்தில் வந்த பாடம்! பிரிட்டனில் ஸ்டீவன் ரோஸ் பல ஆண்டுகள் நினைவாற்றலை ஆராய்ந்ததும் குஞ்சுகளுக்கு இப்படிக் கசப்புப் பாசி காட்டித்தான். கண்ணெதிரே பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

நாள் 9: பெட்டியைக் கழுவி வெறும் தாள் விரித்திருந்தேன். ஒரு குஞ்சு படுத்து, சிறகை உதறி, பக்கவாட்டில் புரண்டது. மண்குளியல்! மண்ணையே பார்க்காத குஞ்சு அது. சாயங்காலமே ஒரு தட்டில் மணல் வைத்தேன்.

அப்புறம், நான்காம் நாள் பின்வாங்காத அந்த மூன்று குஞ்சுகள். குறிப்பைப் புரட்டினால், மூன்றாம் நாள் பாசியை லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்தவை அவைதான். கசப்பு நாக்கில் படவே இல்லையோ என்னவோ. மூன்றின் காலிலும் நூல் கட்டியிருக்கிறேன்; நாளைக்கு மறுபடி வேப்பிலை அரைக்க வேண்டும்.