ரயில் வராத ஊர்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில் இருக்கும் எங்கள் கிரஹாம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) முழுவதிலும் இரண்டாயிரத்து நானூறு பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். வெளிநாட்டு மருத்துவர் ஒருவர், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு பணி செய்தால், பயிற்சி விசா முடிந்ததும் தாய்நாடு திரும்பியாக வேண்டிய கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. அந்த வழியில்தான் மருத்துவரான என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது.

ஊர் தன்னை எளிதில் காட்டிவிடுகிறது. எதிரே வரும் லாரிக்காரர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்வார். ஜூன் மாதக் கோதுமை அறுவடையில் நள்ளிரவு வரை இயந்திரங்கள் ஓடும். அந்த நேரத்தில் ஒரு விவசாயி நோயில் விழுந்தால், அண்டை வீட்டார் தங்கள் இயந்திரங்களோடு வந்து அவர் வயலையும் அறுத்துக் கொடுக்கிறார்கள். நாங்கள் குடிவந்த வாரம் வாசலுக்கு வந்த உணவுப் பாத்திரங்களின் அடியில் சிறிய டேப் ஒட்டி வீட்டுக்காரர் பெயர் எழுதியிருந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் தெரு முழுவதும் எனக்குப் பழக்கமானது.

ஆனால் என்னை இந்த மண்ணோடு உண்மையில் இணைத்தது, கிழக்கே சிறிது தூரத்தில் உள்ள நிக்கோடிமஸ். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் உருவாக்கிய ஊர் அது. கென்டக்கி மாநிலத்திலிருந்து ரயிலில் எல்லிஸ் என்ற ஊர் வரை வந்து, அங்கிருந்து நடந்தார்கள். சொந்த நிலம் என்ற ஒரே நம்பிக்கை. வந்து பார்த்தால் வீடுகளே இல்லை. தரையிலிருந்து புகைதான் எழுந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவர்கள் மண்ணைக் குடைந்து, அதற்குள் குடியிருந்தார்கள். 1878இல் வந்த வில்லியானா ஹிக்மன் அதைக் கண்டதும் அழுதுவிட்டதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சிலர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் ஏருக்கும் குதிரைக்கும் வழியின்றி, மண்வெட்டியால் புல்வெளியைக் கொத்திப் பயிரிட்டார்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவு கொடுத்து உதவியதாக இங்கே சொல்கிறார்கள்.

பத்தாண்டுக்குள் கடைகள், விடுதி, செய்தித்தாள் எல்லாம் வந்தன. இங்கே வாழ்ந்த எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கை அதிகாரியாகத் தேர்வானார். 1888இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. வணிகர்கள் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு தண்டவாளத்தின் பக்கம் நகர்ந்தார்கள். ஓர் ஊரின் தலையெழுத்தை இவ்வளவு எளிதாக மாற்ற முடிந்திருக்கிறதே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. இப்போது அங்கே நிரந்தரமாக இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1996 முதல் அது தேசிய வரலாற்றுத் தலம். தேவாலயம், பள்ளி, சுண்ணாம்புக்கல்லால் கட்டிய டவுன்ஷிப் மன்றம் உட்பட ஐந்து கட்டடங்கள் நிற்கின்றன.

ஜூலைக் கடைசி வார இறுதியில் அந்த ஊர் நிரம்பிவிடும். வழித்தோன்றல்கள் தொலைவிலிருந்தெல்லாம் வந்து அணிவகுப்பு நடத்தி, சேர்ந்து உண்டு, தாத்தா பாட்டி கதைகளைப் பேசுகிறார்கள். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடத் தொடங்கிய விழா இது. அந்த ஒழிப்புக்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடித்தான் நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியசுக்கும் கயானாவுக்கும் கப்பலேற்றினார்கள். அந்த விழாவில் அமர்ந்திருக்கும்போது வேறு யாருடைய வரலாற்றையோ வேடிக்கை பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் மூன்றாண்டு முடியப் போகிறது. டாலஸ் நண்பர்கள் கோயில், தமிழ்ப் பள்ளி, மளிகைக் கடை என்று அடுக்கி அழைக்கிறார்கள். அவற்றின் அருமை எனக்குத் தெரியும். குழந்தைக்குத் தமிழ் எழுத்தைச் சமையலறை மேசையில் நானே சொல்லித் தருகிறேன். ஆனால் நாங்கள் போய்விட்டால் இந்தக் கவுண்டி மறுபடியும் ஒரு மருத்துவரைத் தேடி அலைய வேண்டும். பேசி முடிவெடுத்து, ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்திட்டுவிட்டோம்.