முயலின் முதுகில் நகர்ந்த பொடுகு

எங்கள் முயல் பஞ்சுவின் முதுகில் வெள்ளை வெள்ளையாக ஏதோ இருப்பதை நான் முதலில் கவனித்தபோது அது முடி கொட்டும் சமயம். தோல் வறண்டிருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் அப்படியே போனது. அந்த மூன்று வாரமும் அவளுக்கு அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிடரியிலும் வால் பக்கத்திலும்தான் அது அதிகமாக இருந்தது. முடியை விலக்கிப் பார்த்தால் அடியில் தவிடு தூவினது மாதிரி செதில், இரண்டு விரலால் லேசாகப் பிடித்தாலே கொத்தாக வந்த முடி, அந்த முடியின் அடியிலும் செதில் ஒட்டிக்கொண்டு வந்தது. சும்மா முடி கொட்டும் காலத்தில் கீழே தோல் சுத்தமாக இருக்கும், இப்படி இருக்காது. ஒரு ராத்திரி பேன் சீப்பை எடுத்து, கறுப்புத் தாள் ஒன்றை மடியில் விரித்து, அவளை வாரிவிட்டேன். விழுந்த செதில்களை செல்போன் டார்ச் வெளிச்சத்தில் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஓரத்தில் கிடந்த ஒரு துளி, காற்றே இல்லாத அறையில், மெதுவாகத் தாளின் நடுப்பக்கம் நகர்ந்தது.

இதற்கு 'நடக்கும் பொடுகு' என்றே ஒரு பெயர் உண்டு. செய்லெட்டியெல்லா என்கிற மைட், அதாவது உண்ணி வகையைச் சேர்ந்த பொடிப் பூச்சி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலைத் துளைத்து உள்ளே போகாமல் மேல்தோலிலேயே வாழ்ந்து, அதன் செதிலுக்கு அடியிலேயே ஊர்கிறது, அதனால்தான் பொடுகே நடப்பதுபோலத் தெரிகிறது. தலையில் ஈர் ஒட்டியிருக்குமே, அதேபோல முடியில் முட்டையை ஒட்டவைக்கும். காதுக்குள் அடை அடையாகப் பொருக்கு கட்டினால் அது வேறு மைட், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அன்று ராத்திரி நான் செய்யவிருந்த காரியத்தைச் சொல்லியே ஆகவேண்டும். வீட்டில் நாய் இருக்கிறது, அதற்குப் பிடரியில் விடும் உண்ணி மருந்து அலமாரியில் இருந்தது. நாய்க்கு ஒரு குழாய் என்றால் முயலுக்கு நாலில் ஒரு பங்கு போதுமே என்று கையில் எடுத்தும்விட்டேன். ஏதோ தோன்றி அட்டையைத் திருப்பிப் படித்தேன். ஃபிப்ரோனில். நாய்க்கும் பூனைக்கும் ஒன்றும் செய்யாத இந்த மருந்து முயலுக்கு விஷம், வலிப்பு வந்து செத்துப்போகும், அளவைக் குறைத்தால் பரவாயில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. முயல் வளர்க்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு பெயரை மட்டும் மறக்காதீர்கள். நாய்க்கு அந்த மருந்து போட்டிருந்தால் அது காயும்வரை முயலை அதன் பக்கத்திலேயே விடாதீர்கள், முயல் நக்கிவிடும்.

குளிப்பாட்டிவிடலாமா என்ற யோசனையும் வந்தது. அதுவும் கூடாது. முயலின் அடிமுடி நெருக்கமானது, நனைந்தால் காய நேரமாகும், உடம்பு சில்லிட்டுப்போகும், பயத்தில் அதிர்ச்சியாகிவிடும். மைட்டின் முட்டை தண்ணீருக்கெல்லாம் போகவும் போகாது.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் செலோடேப்பைப் பிடரியில் ஒட்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் பதித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து எனக்கும் காட்டினார். எட்டுக் காலோடு, வாய்ப்பக்கம் கொக்கி மாதிரி இரண்டு நகத்தோடு நிஜமாகவே இருந்தது. முதலில் எடை பார்த்தார், ஏனென்றால் மருந்தின் அளவு முழுக்க எடையைப் பொறுத்தது. செலமெக்டின் சொட்டு மருந்து. அவள் நக்க முடியாத இடமாகப் பிடரியில் முடியைப் பிரித்துத் தோல் தெரிய விட்டார். ஐவர்மெக்டின் ஊசியும் இதற்குப் போடுவார்கள். ஆனால் ஆடு மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டினை வீட்டிலேயே போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. முயலுக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால், 2 கிலோ முயலுக்கு 0.04 மில்லிதான் வரும். சிரிஞ்சில் அது ஒரு சொட்டு, கை கொஞ்சம் தவறினாலும் பல மடங்கு உள்ளே போய்விடும்.

ஒரு தடவை போட்டதுமே ஒரே வாரத்தில் செதில் குறைந்தது, எனக்கு நிம்மதி. இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். மருந்து ஊர்கிற மைட்டைக் கொல்லும், முட்டையைத் தொடாது. முட்டை பொரிந்து குஞ்சு வளர்ந்து மறுபடி முட்டை போட மூன்று நான்கு வாரம் ஆகும், அதற்குள் அடுத்த தவணை போட்டாக வேண்டும். எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று தவணை சொன்னார். கூட இருக்கும் இன்னொரு முயல் கருப்பிக்கு ஒரு செதில்கூட இல்லை, அவளுக்கும் அதே மூன்று தவணை. வெளியே எதுவும் தெரியாமலே மைட்டைச் சுமக்கும் முயல்கள் நிறைய, ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மற்றதிலிருந்து திரும்பி வரும். மருந்து விட்ட அன்று இரண்டையும் பிரித்து வைத்தோம், ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்யுமே, அதனால்.

கூண்டில் இருந்த காய்ந்த புல்லை மொத்தமாக மாற்றினேன், துணி விரிப்புகளை வெந்நீரில் துவைத்தேன், மரப்பெட்டியைத் தூக்கிப் போட்டேன், அதன் இடுக்குகளைச் சுத்தம் செய்ய வழியே இல்லை. பெண் மைட் முயலின் உடம்பில் இல்லாமலே 10 நாள் வரை உயிரோடு இருக்குமாம், ஆகவே ஒவ்வொரு தவணைக்கும் இந்தச் சுத்தத்தைத் திரும்பச் செய்தேன். என் முன்கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்ததற்கும் காரணம் தெரிந்தது. அவளைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் அவை. நம் தோலில் அது குடும்பம் நடத்தாது, முயலுக்குக் குணமானதும் எனக்கும் தானாகவே அடங்கிவிட்டது.

ஆனால் அன்று மருத்துவர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. "இவ தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பண்றாளா?" யோசித்துப் பார்த்தேன், சமீபத்தில் அவள் முகம் கழுவிப் பார்த்ததாகவே நினைவில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் முயல் மைட்டைத் தானே நக்கிக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும், அது முடியாமல் போகும்போதுதான் இப்படிப் பெருகும். எடை கூடி முதுகுக்கு வாய் எட்டாமல் இருக்கலாம், வயதாகி மூட்டு வலிக்கலாம், பல்லில் கோளாறு இருக்கலாம். அவர் வாய்க்குள் கருவியை விட்டுப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று முள்ளாக வளர்ந்து நாக்கை உரசிக்கொண்டிருந்தது. முயலின் பல் ஆயுசு முழுக்க வளரும், தேயாவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு மாதமாக அவள் புல்லை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் தின்றதும், தாடைக்கடியில் முடி ஈரமாக இருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மயக்க மருந்து கொடுத்து அதைத் தேய்த்து எடுத்தார்கள்.

நேற்று மூன்றாவது தவணை முடிந்து இரண்டு வாரம். கறுப்புத் தாளை விரித்து வாரினேன், நாலைந்து முடி மட்டும் விழுந்தது. சீப்பை வைத்த உடனே பஞ்சு பின்னங்காலில் எழுந்து உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் நக்கி நக்கி முகத்தைத் துடைத்தாள். அப்புறம் காதை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மடக்கி நுனி வரை நக்கினாள். கடைசியில் முதுகுப் பக்கம் திரும்பி, வால் வரைக்கும் போனாள்.