கோடியக்கரைச் சதுப்பும் ஒரு சாண் உயரமும்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் சாலையில் வண்டியை நிறுத்தி மேற்கே பாருங்கள். மே மாதமென்றால் வெடித்த மண், வெள்ளைப் பொருக்கு, அதற்கு மேல் கானல். டிசம்பரென்றால் அதே இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். எப்போது பார்த்தாலும் தட்டுமாதிரி சமதரையாகத்தான் தெரியும், ஆனால் அது சமதரை கிடையாது. ஒரு சாண் ஏறினால் செடி மாறும். நாலு விரல் இறங்கினால் பறவை மாறும். கால் வைக்கலாமா கூடாதா என்பதும் அந்த ஒரு சாணில்தான் இருக்கிறது.

பாக் நீரிணைப் பக்கம் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூடத் தேறாது. அதனால் கடல் தினமும் வந்து இந்தச் சதுப்பைக் கழுவிவிட்டுப் போவதில்லை. வடகிழக்குப் பருவமழையும் புயல்காலத்து அலையும்தான் இதை நிரப்புகின்றன. பிறகு வெயில் குடிக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்புகள் உண்டு. தண்ணீர் ஆவியாகலாம், உப்பு எங்கேயும் போகாது. எங்கே பள்ளமோ அங்கே கடைசிவரை தண்ணீர் நிற்கும், அங்கேதான் உப்பும் குவியும். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி அகஸ்தியன்பள்ளியில் உப்பு அள்ளிய மாதத்தைக் கவனியுங்கள். சித்திரை வெயிலில் இந்தத் தரை தானாகவே உப்புப் பூக்கும்.

மேட்டையும் பள்ளத்தையும் கண்ணால் அளக்க முடியாது, செடியை வைத்து அளக்கலாம். ஒன்றுமே முளைக்காமல் சாம்பல் நிறத்தில் பளபளக்கிறதா, அது பள்ளம். அதைவிடச் சற்று உயர்ந்த விளிம்பில் உமரி நிற்கும். உப்பை இலைக்குள்ளேயே தண்ணீரோடு சேர்த்து வைத்துக்கொள்வதால் இலை பருத்திருக்கும், கிள்ளினால் சாறு வரும். வெயில் ஏறி மண்ணில் உப்பு கூடக்கூடப் பச்சை மாறிச் சிவக்கும். தூரத்திலிருந்து சிவப்புக் கோடாகத் தெரிவதெல்லாம் உமரி விளிம்புதான். அதற்கும் மேல் புல். புல் தொடங்கினால் வெளிமான் மேயும் தரை வந்துவிட்டது. அந்த மானுக்காகத்தான் 1967இல் இங்கே சரணாலயம் அறிவித்தார்கள். அந்தப் புல்வெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருப்பது சீமைக் கருவேலம். காயைத் தின்னும் விலங்குகளே சாணத்தோடு விதையைப் பரப்புவதால் வெட்டினால் மட்டும் தீராது.

முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்தி. இதன் வழி வேறு: உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். மழையில்லாத நாளில் இலையைத் தடவினால் விரலில் நறநறக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். மூச்சுவேர்கள் பென்சில்மாதிரி சேற்றைத் துளைத்து நிற்கும். தண்ணீர் அந்த வேர்களை நாள்கணக்கில் மூடியே நின்றால் மரம் திணறும்.

இந்தக் காட்டை முன்பு பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். திரும்ப முளைக்கும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். முளைக்கவில்லை. நிழல் போனதும் மண் காய்ந்து அமுங்கியது, நடுவில் தாம்பாளம்மாதிரி குழிந்தது. வந்த தண்ணீர் வடியாமல் நின்று வற்றி உப்பைச் சேர்த்துக்கொண்டே போனது. அந்தத் தரையில் எத்தனை கன்று நட்டாலும் கருகும். பிற்பாடு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள்: ஓடையோடு இணைந்த ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளைகள். வாய்க்கால் மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். கன்றை அடியில் நட்டால் மூழ்கும், கரை உச்சியில் நட்டால் காயும். சரிவின் நடுவில் நடவேண்டும். தண்ணீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு இறங்கியது, கன்று பிடித்தது. சில வருடத்தில் வாய்க்கால் தூர்ந்துவிடும். தூர் வாராமல் விட்டால் பழைய தாம்பாளம் திரும்பிவிடும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்பவர்களிடம், தூர் வாரியது எந்த வருடம் என்று கேட்டுப் பாருங்கள்.

உப்பளத்திலும் இதே விரற்கடைக் கணக்குத்தான். கடல்நீர் சுமார் 3 டிகிரியில் உள்ளே வரும் (இது வெப்பமில்லை, போமானி என்ற மிதவைக் கருவியைப் போட்டுப் பார்க்கும் உப்புநீரின் அடர்த்தி). பாத்தி பாத்தியாக இறங்கி 25 டிகிரி வரும்போது பத்தில் ஒரு பங்குத் தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். அப்போதுதான் உப்பு விழும். 29 தாண்டியும் வடிக்காமல் விட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து சரக்கு கசக்கும், ஈரம் இழுக்கும். பாத்தித் தரையில் ஒரு விரல் மேடு இருந்தால் அங்கே சீக்கிரம் காயும், பள்ளத்தில் சேறு கலந்து வரும். கோடைமழை ஒன்று பெய்தால் டிகிரி இறங்கி, விழுந்த உப்பும் கரையும்.

பறவைக்கு இந்த டிகிரி தெரியும். உப்பு குறைந்த பாத்தியில் மீன் உண்டு, ஆகவே கொக்கும் ஆலாவும். மீன் தாங்காத அளவு கரித்தால் உப்பு இறால் பெருகும், அங்கே பூநாரை. உப்பு விழும் பாத்தியில் பறவைக்கு வேலையில்லை. ஆழமும் அப்படித்தான். சின்ன உள்ளான் நடந்து மேய்கிறதா, தண்ணீர் இரண்டு விரல்தான். பூநாரை வயிறுவரை நிற்கிறதா, உங்களுக்கு முழங்காலுக்கு மேலே.

பார்க்கப் போகிறவர்கள் காலையில் சூரியனை முதுகில் வைத்து, கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்கவேண்டும். வெயில் ஏறிவிட்டால் கானலில் தொலைநோக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. பறவை எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால், கூட்டம் எழும்போது உங்களை நோக்கி வரும். தலைகள் மொத்தமாக நிமிர்ந்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள், அங்கேயே நில்லுங்கள். நேற்று நின்ற இடத்தில் இன்று காணோம் என்றால் காற்று மாறியிருக்கும். ஆழமில்லாத இவ்வளவு பரந்த தண்ணீரைக் காற்று ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும், மேய்ச்சலும் கூடவே நகரும்.

உள்ளே இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் உமரி வேர் பிடித்த தரையிலேயே நடங்கள். வெள்ளைப் பொருக்கைச் சுற்றிக் கறுத்த ஈர வளையம் தெரிந்தால் அடியில் உளைச்சேறு. மேலே ஆள் நடக்கத் தாங்கும் பொருக்கு வண்டிச் சக்கரத்துக்குத் தாங்காது. கால் புதைந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க அடியில் வெற்றிடம் உண்டாகிக் கவ்வும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, காலை மெல்ல ஆட்டித் தண்ணீரை உள்ளே விட்டால் தானாக விடும்.

தெற்கே மணல்மேட்டில் பாலைமரக் காடு. இந்த முனையின் மிக உயரமான இடமான ராமர் பாதமே சில மீட்டர் மேடுதான். சுற்றிலும் உப்பு இருந்தும் மணலில் ஊற்று இனிக்கிறது. மழைநீர் எடை குறைவு, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி ஏறிவரும். ஆழத் தோண்டி மோட்டார் போட்டவர்களுக்கு உவர்நீர் கிடைப்பது இதனால்தான். அகலமாக, ஆழமில்லாமல் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாக மொண்டால் ஊற்று நிலைக்கும். புயலில் கடல்நீர் புகுந்துவிட்டால் மொத்தமாக இறைத்துக் காலி செய்யத் தோன்றும். அப்படி இறைத்தால் அடியிலிருக்கும் உப்புநீர்தான் மேலே வரும். லேசாக ஒருமுறை அள்ளிக் கொட்டிவிட்டு அடுத்த மழைக்கு விட்டுவிடுங்கள்.