மூணு பலகை, ஒரு கேரம் போர்டு

தம்பியின் கேரவன் வண்டியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு இன்று காலைதான் தண்டையார்பேட்டை திரும்பினோம். இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தும் கையில் வஞ்சிரம் வாசனை போகவில்லை. சமமான தரையில் நின்றாலும் இடது பக்கம் சாய்கிற மாதிரியே இருக்கிறது. இதை எழுதும்போதுகூடத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக மகள் சொல்லிவிட்டுப் போகிறாள்.

வண்டியின் கதை உங்களுக்குத் தெரியாததா? எட்டு மாதமாக அதைத்தானே புலம்புகிறேன். பழைய டெம்போ டிராவலர், உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அப்புறம் தம்பி யாரிடமோ பேரம் பேசி வாங்கிய அந்தக் கேஸ் ஃபிரிட்ஜ். வாடகைக்கு விடப்போகிறானாம், பழவேற்காடு வரை ஆட்களைக் கூட்டிப்போகப் போகிறானாம். அதற்கு முன்னால் வெள்ளோட்டம் பார்க்க நாங்கள். சோதனை எலி என்றால் எங்கள் குடும்பம்தான் என்பது எழுதப்படாத சட்டம்.

இடம், சின்ன மாமாவின் எர்ணாவூர் மனை. பத்து வருடமாக வேலிக்கருவை மட்டும் குடியிருக்கும் மணல் மனை அது. கிளம்பியதே மத்தியானம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் முக்கால் மணி நேரம் நின்று, போய்ச் சேரும்போது மூன்று மணி. விடியற்காலையில் காசிமேட்டில் வாங்கிய மூன்று கிலோ வஞ்சிரம் ஐஸ் பெட்டியில். ஐஸ் பாதி கரைந்துவிட்டது. அம்மா மீனைப் பார்த்தாள், ஃபிரிட்ஜைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

“வண்டி சமமா நிக்காம ஃபிரிட்ஜ் போடக்கூடாதும்மா” என்றான் தம்பி.

அந்த ஃபிரிட்ஜில் நம் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் கிடையாது. அடியில் சின்னத் தீ எரியும். அந்தச் சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே போய், குளிர்வித்து, தானாகவே குழாய் வழியாகக் கீழே வழிந்து வரவேண்டும். தள்ளிவிட மோட்டார் எதுவும் இல்லை, சரிவை நம்பித்தான் பிழைப்பு. வண்டி சாய்ந்து நின்றால் வழிய வேண்டியது வழியாமல் தேங்கிவிடும். குளிரும் வராது, அப்படியே எரியவிட்டால் உள்ளே இருக்கிற பாய்லர் சூடேறி ஒரேயடியாகப் போய்விடும். வாங்கும்போது இதைச் சொன்னாயா என்று தம்பி பெண்டாட்டி கேட்டாள். அவன் செல்போனை எடுத்து, சாய்வு காட்டக் குமிழி ஓடும் ஆப்பைத் திறந்து, தரையில் வைத்துக் குனிந்துகொண்டான். கல்யாணமான ஆண்களுக்கு அந்த ஆப் இதற்காகவும் பயன்படும் போலிருக்கிறது.

இடது பக்கம் நாலு டிகிரி இறக்கம். வெளிநாட்டு வண்டிகளில் ஒரு பட்டனை அழுத்தினால் நாலு காலும் தானே இறங்கி வண்டியைச் சமமாக்கிவிடுமாம். “அதுக்கு ஆகுற காசுல இன்னொரு டெம்போ வாங்கலாம்” என்றான். இவன் வண்டியிலும் மூலைக்கு ஒரு கால் உண்டு, கையால் சுற்றி இறக்குவது. ஆனால் அது உள்ளே நடந்தால் வண்டி ஆடாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான், தூக்குவதற்கு இல்லை. இது தெரிந்தும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். வண்டி அப்படியே நின்றது. கால் மட்டும் மணலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் பத்து சுற்று சுற்றியிருந்தால் தண்ணீர் வந்திருக்கும், சின்ன மாமாவுக்கு போர்வெல் போடுகிற செலவு மிச்சம்.

அப்புறம் செங்கல். மூன்று டன்னுக்கு மேல் இருக்கிற வண்டியைச் செங்கல் மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டே எச்சரித்தார். அவர் வாயை மூடுவதற்குள் ‘நொறுக்’ என்றது. அது செங்கல்லா முறுக்கா என்று ஒரு நிமிடம் எங்களுக்குப் புரியவில்லை.

அம்மா தன் பங்குக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சிம்னியைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் ஓரத்தையும் தூரத்துச் சிம்னியையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, “சிம்னிதான்டா சாஞ்சிகீது” என்றாள்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எது நேர், எது சாய்வு என்று தெரியவே தெரியாது. அப்பா வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வரவேண்டும். புதுசாக ரோடு போடும் ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே ஊற்றிவிட்டுப் போனார்கள். கலைஞர் ஆட்சியில் ஒரு படி, அம்மா ஆட்சியில் ஒரு படி என்று கட்சி பேதமில்லாமல் விழுங்கினார்கள். இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கினால்தான் கூடம். மழை வந்தால் சாக்கடைதான் எங்களுக்கு முதல் விருந்தாளி. எதிர்வீட்டுக்காரர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று அடி தூக்கிவிட்டார்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் வரிசையாக நூற்றுக்கணக்கில் ஜாக்கி, ஒரு சத்தம் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்று. ஒருவன் அதிகம் சுற்றினால் சுவர் விரிசல். ஒரு மாதம் நாங்கள் டிவி பார்க்காமல் அதைத்தான் பார்த்தோம். நம்ம வீட்டையும் தூக்கலாம் என்று தம்பி ஆரம்பித்தான், அந்தப் பணம்தான் இப்போது டெம்போவாக நிற்கிறது.

எங்கள் கூடத்தில் ஒரு பட்டாணி விழுந்தால் நேராக அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். அந்த மூலைதான் ரொம்பவும் இறங்கிவிட்டது. கட்டிலும் அதோடு சேர்ந்து சுவர்ப் பக்கம் சாய்ந்தே கிடக்கிறது. காலுக்கு அடியில் ஒரு கட்டை வைக்கிறேன் என்று தம்பி எத்தனை முறை சொன்னாலும் “இருக்கட்டும் வுடு” என்றுவிடுவாள். இடுப்பு வலி என்று எங்களிடம் புலம்பவும் செய்வாள்.

எர்ணாவூருக்கு வருவோம். ஐந்து மணிக்குச் சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டோம். அவர் வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார், கக்கத்தில் கேரம் போர்டோடு.

“மட்டம் பாக்கணும்னா ரசமட்டம் எடுத்துனு வரணும் சித்தப்பா” என்றான் தம்பி.

சித்தப்பா பார்த்த பார்வையில் அவன் இரண்டு அங்குலம் இறங்கினான். வடசென்னையில் கேரத்தைப் பற்றி ஏளனமாக ஒரு வார்த்தை பேசக்கூடாது. வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக சாம்பியன். 2024-ல் புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் மகள் காசிமா அமெரிக்கா போய் மூன்று தங்கத்தோடு வந்தாள். சித்தப்பா அந்தப் பிள்ளைகள் ஆடியதை எல்லாம் நேரில் பார்த்தவர், தானும் ஆடியிருந்தால் போயிருப்பார், சித்திதான் விடவில்லை. நாங்கள் இதை நாற்பது வருடமாகக் கேட்கிறோம்.

வண்டிக்குள் மேஜைமேல் போர்டை வைத்தார். போரிக் பவுடரைத் தூவினார். ஸ்ட்ரைக்கரை ஒரு விரலால் மெதுவாகத் தட்டிவிட்டார். கோட்டை ஒட்டிப் போக வேண்டியது பாதியிலேயே இடது பக்கம் வளைந்து, தயங்கி, நின்றது. நான்கு பக்கத்திலிருந்தும் தட்டினார். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தையும் கேட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் தகராறு இல்லை, இருந்திருந்தால் பேஜார்தான்: சக்கரத்துக்குச் சக்கரம் பன்னிரண்டு அடி, ஒரு டிகிரிக்கே இரண்டரை அங்குலம் ஏற்ற வேண்டியிருக்கும். பக்கவாட்டில் ஐந்தரை அடிதான். ஒரு டிகிரிக்கு ஒரு அங்குலம், அதற்கு மேல் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நாலு டிகிரிக்கு நாலரை அங்குலம். “ஒன்ற இஞ்சு பலகை மூணு கொண்டாடா” என்றார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். காலேஜ் முடித்த தம்பி சென்ட்ரிங் பலகை கேட்கப் பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்துக்கு ஓடினான்.

பலகைகளைப் படிபோல அடுக்கி, இடது பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் போட்டார்கள். பின்னால் ரெட்டை டயர். தம்பி ஒரு டயருக்கு மட்டும் பலகை வைத்திருந்தான். ஒத்த டயர் மொத்த பாரத்தையும் தாங்குமா, ஒத்தக் கால்ல நீ நின்னு காட்டு என்று சித்தப்பா கத்தினார். பலகையை அகலமாகப் போட்டதும் முதல் கியரில் மெதுவாக ஏற்றினான். ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம்தான் மூலைக் கால்கள். மறுபடி பவுடர், மறுபடி ஸ்ட்ரைக்கர். இந்த முறை கோட்டைத் தொட்டுக்கொண்டே நேராகப் போய் எதிர்ச் சட்டத்தில் இடித்து, அதே வழியில் திரும்பி வந்தது. சித்தப்பா கண் கலங்கிவிட்டார். சத்தியமாக.

அப்புறம் என்ன, ஃபிரிட்ஜில் தீ மூட்டி, மீனை உள்ளே வைத்து, எல்லோரும் கேரம் ஆடினோம். எங்கள் வீட்டுக்காரர் ரெட்டைப் போட்டு ஃபாலோ விட்டார், வழக்கம்போல. ஒன்பது மணிக்குச் சித்தப்பா கிளம்பினார். ராத்திரி நேரம், போர்டைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டாம் என்று எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். காயை எண்ணி வைத்துவிட்டுத்தான் போனார்.

அம்மா தூங்கவில்லை.

பதினோரு மணிக்குப் புரண்டாள். பன்னிரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள். “இன்னாமோ உருண்டு வெளிய வுழுற மாதிரியே கீதுடா நைனா.” கட்டில் சமமாகத்தான் இருக்கிறது என்று தம்பி போர்டை எடுத்து வந்து ஸ்ட்ரைக்கர் ஓட்டிக் காட்டினான். அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. தலைகாணியை மாற்றினோம், போர்வையைச் சுருட்டி ஓரத்தில் அணை கட்டினோம். “வூட்ல மாதிரி இல்ல” என்றாள் ஒரு மணிக்கு. அதையே இன்னும் சின்னக் குரலில் திரும்பச் சொன்னாள்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வீட்டில் சுவர் ஓரம் அப்பா படுக்கிற இடம். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது, அம்மா இன்னும் இந்தப் பக்கம்தான் படுக்கிறாள்.

ஒன்றும் பேசாமல் போய் ஃபிரிட்ஜை அணைத்தான். மீனை எடுத்து என் கையில் கொடுத்தான். மூலைக் கால்களை ஏற்றி, கட்டையை எடுத்து, அம்மா படுத்திருக்கும்போதே வண்டியை ஒரு இரண்டு அடி பின்னால் விட்டு மூன்று பலகையிலிருந்தும் இறக்கினான். சாயங்காலம் முழுக்கச் செய்த வேலை, பத்து நொடி. வண்டி மெல்லச் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பி, காலியாக இருந்த இடத்தில் ஒரு கையைப் போட்டுக்கொண்டாள். ஐந்து நிமிடத்தில் குறட்டை.

சரி, மூன்று கிலோ மீனை என்ன செய்வது? ஐஸும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை, காற்றில் உப்பும் வெக்கையும். ராத்திரி ஒன்றரை மணிக்கு நானும் தம்பி பெண்டாட்டியும் வறுக்க உட்கார்ந்தோம். தோசைக்கல்லில் ஊற்றிய எண்ணெய் மொத்தமும் இடது ஓரத்தில் போய் நின்றது. அந்தப் பக்கத் துண்டு கருகுகிறது, இந்தப் பக்கம் பச்சையாகக் கிடக்கிறது. “அண்ணி, இதுக்கும் பலகை வேணும்” என்றாள். அடுப்பின் இரண்டு காலுக்கு அடியிலும் கைக்குக் கிடைத்ததை அடுக்கிச் சமமாக்கினோம். அதற்கப்புறம் வறுவல் பிரமாதமாக வந்தது, மூன்று மணிக்குள் முடித்துவிட்டோம்.

இப்போது சித்தப்பாவிடமிருந்து ஃபோன். போர்டு வந்து சேர்ந்துவிட்டதாம். வெள்ளை ஒன்பது சரியாக இருக்கிறதாம், ரெட்டும் இருக்கிறதாம். கறுப்பு ஏழுதான் இருக்கிறதாம், அதிலும் நாலு காயில் மிளகாய்த்தூள் வாசனை வருகிறதாம், ஏன் என்று கேட்கிறார்.