சார்ஜிங் கேபிள் வாங்கும்போது உள்ளே இருக்கும் செம்பைப் பாருங்கள்

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளில் 80 ரூபாய்க்கும் கேபிள் கிடைக்கிறது, 800 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டின் அட்டையிலும் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்றுதான் போட்டிருக்கும். மேலே நைலான் பின்னல், பளபளக்கும் உலோக முனை, உள்ளே எரியும் நீல விளக்கு, இவற்றுக்கும் சார்ஜ் ஏறும் வேகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே ஓடும் செம்புக் கம்பியின் தடிமனும் கேபிளின் நீளமும்தான். அதற்கு அடுத்துதான் உங்கள் போனும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் முறை வருகிறது.

கணக்கைப் பார்த்துவிடலாம். கம்பியின் தடிமனை ஏடபிள்யூஜி என்ற எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 28 ஏடபிள்யூஜி செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. 24 என்றால் 0.084 ஓம், 20 என்றால் 0.033 ஓம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் கேபிளில் இரண்டு மீட்டர் கம்பி கணக்கு. 5 வோல்ட் சார்ஜரில் 2 ஆம்பியர் இழுத்தால், 28 கம்பி போட்ட கேபிளில் மட்டும் 0.85 வோல்ட் காணாமல் போகும். போனுக்கு வந்து சேருவது 4.15 வோல்ட். அதே நீளத்தில் 24 கம்பி இருந்தால் இழப்பு 0.34 வோல்ட்தான். முனைகளில் உள்ள தொடர்புகளும் தம் பங்குக்குக் கொஞ்சம் குறைக்கும்.

வோல்ட் இப்படி இறங்கும்போது போன் தானாகவே இழுக்கும் ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். திரையில் ‘சார்ஜ் ஆகிறது’ என்றே காட்டும், ஆனால் ராத்திரி போட்டது காலையிலும் நிறைந்திருக்காது. பலர் பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றக் கிளம்புவது இந்த இடத்தில்தான். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

டைப்-சி விதிமுறையே இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கேபிள் தாங்கும் முழு ஆம்பியரில் மின்சாரம் ஓடும்போது, போகும் கம்பியில் அரை வோல்ட்டுக்கும் திரும்பும் கம்பியில் கால் வோல்ட்டுக்கும் மேல் குறையக்கூடாது. மலிவுக் கேபிள்கள் இந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். 2 மீட்டர், 3 மீட்டர் நீளக் கேபிளாக இருந்தால் சொல்லவே வேண்டாம். கட்டிலுக்கும் பிளக்பாயின்ட்டுக்கும் தூரம் என்றால் நீளக் கேபிளைத் தேடுவதைவிட ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, அதில் ஒரு மீட்டர் கேபிளைப் போடுவதே என் யோசனை.

சில கேபிள்களின் உறையிலேயே தடிமன் அச்சாகியிருக்கும். ‘28ஏடபிள்யூஜி/1பி + 24ஏடபிள்யூஜி/2சி’ என்று இருந்தால், டேட்டா போகும் ஜோடி 28, மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள் 24 என்று பொருள். இரண்டாவது எண்தான் நமக்கு முக்கியம். வெறும் 28 மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

எண் சரியாக இருந்தாலும் கம்பி சுத்தச் செம்பாக இல்லாமல் இருக்கலாம். அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசி விற்பது வழக்கமான ஏமாற்று. அலுமினியம் செம்பைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவாகத்தான் மின்சாரம் கடத்தும். மடக்கி மடக்கி எடுத்தால் சீக்கிரம் முறிந்தும் போகும். கடையில் இதைக் கண்டுபிடிப்பது சிரமம். வீட்டில் செத்துக் கிடக்கும் பழைய கேபிளை வெட்டி, ஒரு இழையை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பெயர் போட்ட கேபிளை மறுபடி வாங்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் சார்ஜர் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான். சாம்சங் 25 வாட், டைப்-சி வந்த பிறகான ஐபோன் (2023-இல் வந்த 15 முதல்), பிக்சல் எல்லாம் பவர் டெலிவரி என்ற பொது முறையில் ஏறுபவை. இவற்றுக்கு இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள 3 ஆம்பியர் கேபிள், அதாவது 60 வாட் என்று போட்டது, தாராளமாகப் போதும். ஒரு முனை பழைய நீள்சதுர ஏ-பின் என்றால் பவர் டெலிவரி வேலையே செய்யாது. சாம்சங்கின் 45 வாட் வேகம் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் தேவை.

ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ், விவோ, ஷாவ்மி போன்றவை தங்களுக்கென்று தனி முறை வைத்திருக்கின்றன. ஒப்போவின் முறையான சூப்பர்வூக்கில் 65 வாட் என்றால் 10 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் ஓடுகிறது. ஒரு முனை ஏ-பின், மறுமுனை டைப்-சி ஆக உள்ள சாதாரண ஏ-டு-சி கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் கொண்டுபோகக் கூடியதல்ல. அதனால் இந்தப் போன்கள் தமக்கென்று தடித்த கம்பியும், சில வகைகளில் ஏ-முனைக்குள் வழக்கமான நான்குக்கு மேல் கூடுதலாக ஒரு பின்னும் உள்ள கேபிளை எதிர்பார்க்கும். அது இல்லாவிட்டால் மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும். ஆகவே 100 ரூபாய் ஏ-டு-சி கேபிளில் ‘120 வாட்’ என்று அச்சடித்திருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். இந்தப் போன்காரர்கள் கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ அவர்கள் இணையதளத்திலோ அசல் கேபிளையே வாங்குவது நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் முழு வேகத்துக்கு அதுதான் நிச்சயமான வழி.

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு லேப்டாப்போடு போய்வருபவர்களுக்கு: 60 வாட்டுக்கு மேல் இழுக்கும் லேப்டாப் என்றால் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதன் முனைக்குள் இ-மார்க்கர் என்ற சின்ன சிப் இருக்கும். ‘நான் 5 ஆம்பியர் தாங்குவேன்’ என்று அது சார்ஜருக்குச் சொன்னால்தான் சார்ஜர் அவ்வளவு விடும். இப்போது விற்கும் 240 வாட் கேபிள்களும் இந்த வகைதான். அதே கேபிளில் போனையும் போடலாம், ஒரு கெடுதலும் வராது. பை ஒன்று, கேபிள் ஒன்று போதும் என்பவர்களுக்கு இதுவே சரி.

ஒரு விஷயத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டிரிம்மர், கழுத்தில் மாட்டும் புளூடூத், சின்ன ஃபேன் போன்றவற்றில் சில, இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறாமல், ஏ-டு-சி கேபிளில் மட்டும் ஏறும். கேபிள் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தக் கருவியில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்ற சின்ன மின்தடைத் துண்டைத் தயாரிப்பாளர் வைக்கவில்லை. அது இல்லாமல் டைப்-சி சார்ஜர் மின்சாரமே விடாது. வீட்டில் ஒரு நல்ல ஏ-டு-சி கேபிளை வைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி வழியாக ஓடும் லாரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. லாரியில் பேட்டரி 24 வோல்ட். காருக்கென்று விற்கும் 12 வோல்ட் சார்ஜரை அதில் செருகினால் சார்ஜர் கருகும், சில சமயம் போனையும் சேர்த்துக் கெடுக்கும். ‘12-24 வோல்ட்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேபிள் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், முனை எல் வடிவில் இருந்தால் வண்டி குலுங்கும்போது போன் பக்கத்துத் துளை தளராது. மதிய வெயிலில் கண்ணாடியோரம் மேப் ஓடிக்கொண்டிருக்கும் போனில் சார்ஜ் ஏறவில்லை என்றால் அது கேபிளின் குற்றமில்லை. சூடு ஏறினால் போனே சார்ஜைக் குறைத்துவிடும்.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்போது, ஒரே சார்ஜரில், பழைய கேபிளையும் புதியதையும் மாறி மாறிப் போட்டு, ஆம்பியர் காட்டும் ஆப்பில் எண்ணைப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி மீட்டர் கிடைக்கிறது, அதில் வோல்ட்டும் தெரியும். பிறகு கம்ப்யூட்டரில் செருகி ஃபைல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் டேட்டா கம்பிகளே போடாத கேபிள். ஏ-பின் சார்ஜர்களில் வரும் குயிக் சார்ஜ் என்ற வேகச் சார்ஜ் முறை அந்த டேட்டா கம்பிகள் வழியாகத்தான் சார்ஜரோடு பேசுகிறது, எனவே அந்தக் கேபிளில் அது வேலை செய்யாது. கால் மணி நேரம் ஏறிய பின் முனையைத் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே தொடர்பு சரியில்லை. பில் வாங்கியிருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேபிள் பெரும்பாலும் முனைக்குப் பின்னால் ஓரிரு சென்டிமீட்டரில்தான் செத்துப்போகும். அந்தக் கழுத்துப் பகுதி நீளமாக, ரப்பர்போல வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். கையில் பிடித்து வளைத்தால் ஒரே புள்ளியில் மடங்கக்கூடாது. சார்ஜரைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும், கேபிளைப் பிடித்து இழுத்துக் கழற்றுவதும் அந்த இடத்தைத்தான் உடைக்கும்.

கேபிள் ஆடுகிறது, பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஏறுகிறது என்றால் புதுக் கேபிள் வாங்கும் முன் போனின் துளையைப் பாருங்கள். சட்டைப் பை பஞ்சும் கிரானைட் பட்டறைத் தூசியும் அடியில் கெட்டியாகிக் கிடக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசியும் சேஃப்டி பின்னும் ஆகாது, நடுவிலுள்ள மெல்லிய நாக்கு உடைந்தால் போர்டு வேலைதான்.

ஒகேனக்கல்லில் குளித்துவிட்டு ஈரத்தோடு வண்டியில் ஏறியதும் போனை சார்ஜில் போடுவது பின்களைக் கெடுக்கும் நிச்சயமான வழி. துளைக்குள் தண்ணீர் இருக்கும்போது 5 வோல்ட் வந்தால் பின்கள் அரித்துக் கருத்துவிடும். பழைய ஏ-பின் சார்ஜரில் கேபிள் முனையில் எப்போதும் 5 வோல்ட் இருக்கும், டைப்-சி சார்ஜரில் போன் செருகிய பிறகுதான் வரும். துளையைக் கீழ்நோக்கி வைத்துத் தட்டி, காற்றோட்டத்தில் சில மணி நேரம் உலர விடுங்கள். ஏற்கெனவே ஒரு பின் கருத்துப்போன கேபிளை அடுத்த போனில் செருகாதீர்கள். அந்தக் கருமை மின்தடையைக் கூட்டிச் சூடேற்றும், அந்தச் சூடு நல்ல போனின் துளையையும் கருக்கிவிடும்.