பிரின்சஸ் கட் யாருடையது?

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் இருக்கும் என் தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் "பிரின்சஸ் கட் வெச்சுடுங்க அக்கா" என்றுதான் துணியை நீட்டுகிறார்கள். டார்ட் (உடம்பு வளைவுக்குத் துணியைக் கிள்ளி மடித்துப் போடும் தையல்) பிடித்துத் தைக்கும் பிளவுஸ் அம்மா காலத்தோடு போயிற்று என்பது அவர்கள் எண்ணம். இந்த வெட்டு யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ஆசையாக இருக்கும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

1858-இல் பாரிஸில் கடை திறந்த சார்ல்ஸ் ஃப்ரெடரிக் வொர்த் ஒரு ஆங்கிலேயர். தைத்த உடைக்குள் தன் பெயர் போட்ட லேபிளை வைத்துத் தைக்கிற வழக்கத்தை நிலைக்க வைத்தவர் அவர்தான். அதுவரை தையல்காரருக்கு முகம் கிடையாது. வாடிக்கையாளர் சொன்னதைத் தைத்துக் கொடுக்க வேண்டியதுதான். இடுப்பில் தையல் இல்லாமல் தோளிலிருந்து பாதம் வரை நீளத் தையல்களாலேயே உடம்புக்குப் பொருத்தும் வெட்டு 1870-களில் அவர் கடையிலிருந்துதான் பரவியது. நாம் அதன் மேல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பிளவுஸ் ஆக்கிவிட்டோம். டார்ட் பிடிக்கிற வேலையை அந்த நீளத் தையலே செய்துவிடுகிறது. அவ்வளவுதான் பிரின்சஸ் கட்.

ஃபேஷன் டிசைனர் என்றதும் மேடையில் நடக்கும் பெண்களும் நடிகைகளின் கல்யாணப் புடவையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கத்தரி பிடிக்கிறவளுக்கு அவர்கள் வேறு மாதிரித் தெரிவார்கள். ஒரு டிசைனர் போட்ட நிறமும் பூவும் பத்து வருடத்தில் பழசாகிவிடும். துணியை எப்படி வைத்து வெட்டினார், தையலை எங்கே கொண்டுபோனார் என்பது அப்படிப் போவதில்லை. அது கை மாறிக் கை மாறி, பெயரை வழியிலேயே உதிர்த்துவிட்டு, நம் ஊர் கட்டிங் டேபிள் வரை வந்துவிடுகிறது.

இதில் எனக்கு எல்லோரையும் விடப் பெரியவர் மத்லேன் வியோனே. 1876-இல் பிரான்ஸில் பிறந்து, சின்ன வயதிலேயே தையல் வேலைக்கு அனுப்பப்பட்டவர். 1912-இல் பாரிஸில் சொந்தக் கடை வைத்தார். அவர் செய்தது என்ன என்று தெரிந்துகொள்ள வீட்டில் இருக்கும் ஒரு பருத்தித் துண்டு போதும். அதை நீளவாக்கில் பிடித்து இழுத்துப் பாருங்கள், கொடுக்காது. அகலவாக்கில் இழுங்கள், அதிகம் கொடுக்காது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். ரப்பர் மாதிரி இழுபடும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து இடம் கொடுப்பதால் வருவது அது. இதைத்தான் நாங்கள் கிராஸ் என்கிறோம்.

கிராஸ் வியோனேக்கு முன்பும் இருந்தது. கழுத்துப் பட்டிக்கும் ஓரத்துக்கும் வெட்டிச் சேர்ப்பார்கள். முழு உடையையுமே கிராஸில் வெட்டி, உள்ளே கார்செட் என்ற இறுக்கும் கச்சு இல்லாமல் துணி தானாகவே உடம்பின் மேல் வழியட்டும் என்று விட்டது அவர் துணிச்சல். காகிதத்தில் வரைந்து தொடங்கமாட்டாராம். சின்ன மரப்பொம்மை ஒன்றின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்து, அது சரியாக வந்த பிறகுதான் முழு அளவுக்குப் போவார். கிராஸில் வெட்டினால் துணி அதிகம் தின்னும் என்பது எந்தத் தையல்காரருக்கும் தெரியும். அவர் அதற்காகவே அகலம் கூடுதலான துணியை நெய்யச் சொல்லி வாங்கினார். நமக்கு அந்த வசதி ஏது? கொஞ்சம் பருமனானவர்கள் 80 சென்டிமீட்டர் பிட்டைக் கொண்டுவந்து கிராஸ் கட்டிங் கேட்டால், ஒரு மீட்டராவது வேண்டும் என்று திருப்பி அனுப்பத்தான் செய்கிறோம். மார்புப் பகுதியில் சுருக்கம் இல்லாமல் அந்த பிளவுஸ் படிந்து உட்காருகிறதே, அந்தப் படிவுக்குக் காரணம் நூல் சாய்ந்து கொடுப்பதுதான்.

அம்ப்ரெல்லா கட் கவுன் தைத்தால் என் கடையில் ஒரு நாளாவது ஹேங்கரில் தொங்கவிடாமல் கீழ் ஓரம் மடிப்பதில்லை. வட்டமாக வெட்டிய துணியில் சில இடம் நேராக, சில இடம் கிராஸாக விழும். கிராஸ் விழுந்த இடம் தன் கனத்தாலேயே கீழே இறங்கும். உடனே மடித்துத் தைத்தால் போட்ட அன்றே ஓரம் ஏறியும் இறங்கியும் நிற்கும். "இன்னிக்கே வேணும்" என்று அவசரப்படுத்துகிறவர்களிடமும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வியோனேயிடம் எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. தன் லேபிளில் கட்டைவிரல் ரேகையைப் பதித்துக் கொடுத்தார், யாரும் நகல் எடுத்து அவர் பெயரில் விற்கக் கூடாது என்று. அவரிடம் வேலை பார்த்த பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை, பிரசவ விடுப்பு, சாப்பாட்டுக் கூடம், மருத்துவர், எல்லாம் அந்தக் காலத்திலேயே இருந்தன. பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் நான் லைன் டெய்லராக இருந்தபோது பாத்ரூம் போவதற்கே சூபர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படி வேலை பார்த்தவளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது. வியோனே 1939-இல் கடையை மூடிவிட்டு, 98 வயது வரை வாழ்ந்து 1975-இல் போய்ச் சேர்ந்தார்.

சரி, பாரிஸில் கடை வைத்திருந்த டிசைனர் ஷனேல். இந்தப் பெயரை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு ஜெர்மன் அதிகாரியோடு இருந்தவர். அந்த வாழ்க்கையைக் கொண்டாட எனக்கு மனசில்லை. ஆனால் ஆம்ஹோல், அதாவது கை சேர்க்கும் வளைவு, விஷயத்தில் அவர் குருதான். அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1954-இல், 70 வயதில், மூடிக் கிடந்த கடையை மறுபடியும் திறந்து தன் ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்தார். அதில் ஆம்ஹோலை அக்குளுக்கு நெருக்கமாக உயர்த்தி வெட்டுவார். கையைத் தூக்கினாலும் ஜாக்கெட் கூடவே ஏறக் கூடாது என்பதற்காக.

நம்மிடம் வருகிறவர்கள் நேர்மாறாகக் கேட்கிறார்கள். "கை தூக்க முடியல அக்கா, ஆம்ஹோல் லூஸ் பண்ணுங்க" என்பார்கள். லூஸ் பண்ணினால் இன்னும் மோசமாகும். ஆம்ஹோல் கீழே இறங்க இறங்க, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது கையோடு பிளவுஸ் முழுவதும் மேலே ஏறும், இடுப்பு தெரியும், தோள் இறங்கும். ஆம்ஹோலைச் சற்று உயர்த்தி, கையின் மேல் பகுதிக்கு மட்டும் அகலம் கொடுத்தால் பிளவுஸ் இருந்த இடத்தில் இருக்கும், கை மட்டும் போகும். இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கச் சொல்லுவேன். அப்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

அதே ஜாக்கெட்டின் உள் ஓரத்தில் மெல்லிய சங்கிலி ஒன்றை வைத்துத் தைப்பார் ஷனேல். கனத்தில் ஓரம் நேராகத் தொங்கும். நாம் சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதிலும் பாதி நோக்கம் அதுதானே.

பாலென்சியாகாவைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன், அதனால் கொஞ்சம்தான். ஸ்பெயினின் கடலோரச் சிற்றூரில் தையல்காரியின் மகனாக 1895-இல் பிறந்தவர். வெட்டுவது, தைப்பது, முடிப்பது எல்லாம் அவருக்கே தெரியும். கை சரியாக உட்காரவில்லை என்றால் முடித்த உடையிலிருந்தும் அதைப் பிரித்து மறுபடி சேர்ப்பாராம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த காவேரிப்பட்டினத்து மாஸ்டரும் அப்படித்தான். நான் கை சேர்த்து வைத்த பிளவுஸை ஒரு வார்த்தை பேசாமல் பிரித்து என் முன்னால் வைப்பார்.

இஸ்ஸே மியாக்கே, ஹிரோஷிமாவில் பிறந்த ஜப்பானியர், 1993-இல் மடிப்புத் துணிக்கென்றே தனி பிராண்ட் கொண்டுவந்தார். மற்றவர்கள் மடித்த துணியை வெட்டித் தைப்பார்கள். அவர் உடையை அளவுக்கு மேல் பெரிதாகத் தைத்து முடித்துவிட்டு, அப்புறம் காகிதத்துக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றினார். பாலியஸ்டர் சூட்டில் பிடித்த மடிப்பை விடாது. நம் ஊரில் இப்போது சேலைக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்து அயர்ன் பண்ணிக் கொடுக்கும் பெண்கள் பெருகிவிட்டார்கள். பர்கூரில் வாங்கிய சிந்தெடிக் சேலையில் அந்த மடிப்பு அப்படியே நிற்பதும் பட்டில் கொஞ்ச நேரத்தில் தளர்வதும் இதனால்தான். பட்டுக்குக் கூடுதலாகப் பின் குத்திக்கொள்ளுங்கள்.

பெயர் இல்லாமல் போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப் பக்கம், சிட்டிலிங்கியில் இருக்கும் லம்பாடி இனப் பெண்களை விட முடியாது. அவர்களின் எம்பிராய்டரி கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. ஒரு சில பாட்டிமார் கையில் மிஞ்சியிருந்த தையலை இளைய பெண்கள் கற்றுக்கொண்டு, பொர்கை என்ற பெயரில் சேர்ந்து இன்று விற்பனைக்குச் செய்கிறார்கள். அந்தத் தையல்களை முதலில் கண்டுபிடித்த பெண்ணும் ஒரு டிசைனர்தான். அவளுக்கு லேபிள் வைக்க வாய்க்கவில்லை. வொர்த்துக்கும் வியோனேக்கும் கொடுக்கிற மரியாதையை அவளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக அமெரிக்காவின் கிளேர் மெக்கார்டல். 1942-இல் வீட்டு வேலை செய்துகொண்டே போட்டுக்கொள்ள ஒரு சுற்றிக் கட்டும் உடை செய்தார். விலை 6 டாலர் 95 சென்ட். பெரிய பாக்கெட் உண்டு, கூடவே சூடான பாத்திரம் பிடிக்க ஒரு கையுறையும் இணைத்துக் கொடுத்தார். பெண்களின் உடையில் பாக்கெட் வேண்டும் என்று விடாமல் வைத்தவர். இத்தனை வருடம் கழித்தும் நம் கடைகளில் தொங்கும் ரெடிமேட் சுடிதாரில் பாதிக்கு பாக்கெட் கிடையாது. ஃபோனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கிறோம்.

என்னிடம் தைக்கக் கொடுத்தால், கேட்காவிட்டாலும் பாக்கெட் வேண்டுமா என்று நானே கேட்பேன். அதற்குத் தனிக் கூலி இல்லை. துணி எடுக்கும்போது கால் மீட்டர் சேர்த்து எடுத்து வாருங்கள். மிச்சம் இல்லையென்றாலும் பரவாயில்லை, லைனிங் துணியில் வைத்துக் கொடுக்கிறேன். பக்கத் தையலில் இடுப்புக்குச் சற்றுக் கீழே வைத்தால் ஃபோன் கனத்தில் டாப்ஸ் ஒரு பக்கம் இழுக்காது.