பெயரும் தேதியும் படத்தோடேயே இருக்கட்டும்

பறவைப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எல்லாரும் கேட்பது, என்ன கேமரா, என்ன லென்ஸ் என்றுதான். எடுத்த படங்களை எப்படி வைத்திருக்கிறீர்கள், நாலு வருஷம் கழித்து ஒன்றைத் தேடினால் கைக்குக் கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கோ அதைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. பாடம் உயிரியல். விடுமுறை நாட்களில் கூந்தன்குளம், விஜயநாராயணம், ஊருக்குள்ளேயே இருக்கும் நயினார்குளம் என்று குளக்கரைகளில்தான் இருப்பேன். ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எடுக்கிற படங்கள் எல்லாவற்றையும் ஒரு பழைய லேப்டாப்பில், லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தில், முழுக்கக் கட்டற்ற மென்பொருள்களை (எழுதிய நிரலை, அதாவது மூலநிரலை, யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடுபவை) வைத்தே கையாளுகிறேன். அடுக்கி வைக்க டிஜிகேம், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள், போஸ்டர் வேலைக்கு கிம்ப், தேதியும் நேரமும் சரிசெய்ய எக்ஸிஃப்டூல். நான்குமே விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும்.

காசு மிச்சம் என்பது உண்மை. ஆனால் இவற்றை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. அது என்ன பறவை, எந்தக் குளம், எந்தத் தேதி, என்ன செய்துகொண்டிருந்தது என்ற விவரம் இருந்தால்தான் ஒரு பறவைப் படத்துக்கு மதிப்பு. அந்த விவரம் படத்தைவிட்டுப் பிரியக் கூடாது. நாளைக்கு நான் வேறு கணினிக்குப் போனாலும், வேறு மென்பொருளுக்கு மாறினாலும், என் மாணவி ஒருத்தி பத்து வருஷம் கழித்து இந்த ஹார்ட் டிஸ்கைத் திறந்தாலும், படத்தோடு பெயரும் இருக்க வேண்டும்.

படங்களை அடுக்கி வைக்கும் பிக்காசாவைப் பலருக்கு நினைவிருக்கும். 2004இல் கூகுள் வாங்கி இலவசமாகவே கொடுத்தது. நல்ல மென்பொருள், எளிமையானது. 2016இல் அதை நிறுத்துவதாக அறிவித்தார்கள், அத்தோடு சரி. இலவசம்தான், ஆனால் மூலநிரல் நம் கையில் இல்லை. அதனால் வேறு யாரும் அதை எடுத்துத் தொடர வழியில்லை. டிஜிகேமின் கதை வேறு. ரெஞ்சி ராஜு தொடங்கினார். பிறகு பிரான்சைச் சேர்ந்த ஜில் கோலியேயும் அவரோடு பலரும் எடுத்து நடத்துகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் தொடரலாம் என்பது உரிமத்திலேயே இருக்கிறது.

அதைவிட முக்கியம், டிஜிகேமில் நான் எழுதும் பெயர்கள் எங்கே போய் உட்காருகின்றன என்பது. வேகமாகத் தேடுவதற்காக அது ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. அதோடு நிற்காமல், நாம் சொன்னால் அதே விவரங்களைப் படக் கோப்புக்குள்ளேயும் எழுதிவிடும். எக்ஸ்எம்பி என்ற வடிவம் இதற்கென்றே இருக்கிறது. அடோபி நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது, 2012இல் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரமாகவும் ஆனது. அதனால் டிஜிகேம் எழுதுவதை அடோபியின் லைட்ரூமும் படிக்கும். யூனிகோட் என்பதால் தமிழில் எழுதினாலும் ஒரு சிக்கலும் இல்லை. என்னுடைய டேக்குகள், அதாவது படங்களுக்கு நான் போடும் பெயர்ச் சொற்கள், எல்லாம் தமிழில்தான் இருக்கின்றன.

டிஜிகேம் போட்டவுடன் முதலில் செய்ய வேண்டியது, அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) பக்கத்துக்குப் போய், டேக், தலைப்பு, மதிப்பெண் இவற்றையெல்லாம் கோப்பில் எழுதும் தேர்வுகள் போட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது. ரா கோப்புகளைத் தொடாமல் பக்கத்தில் துணைக்கோப்பாக எழுதச் சொல்லலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இந்த ஒரு பக்கத்தைப் பார்க்காமல் மற்ற எதையும் தொடாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன்.

என் டேக் மரம் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. நீர்ப்பறவை, அதற்குக் கீழே நாரை, அதற்குக் கீழே மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை. அப்புறம் தனிக் கிளையாகக் குளங்களின் பெயர். இன்னொரு கிளையில் கூடு, முட்டை, குஞ்சு, இரை, சண்டை, வளையம். இந்த மூன்றாவது கிளைதான் எனக்கு அதிகம் உதவுகிறது. வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், கூழைக்கடா குஞ்சுக்கு எப்படி ஊட்டும்?" என்று கேட்டால் கூழைக்கடா, குஞ்சு, இரை என்று மூன்று டேக்கையும் சேர்த்துத் தேடினால் போதும். தாயின் பைக்குள் தலையை விட்டுக் குடையும் குஞ்சின் படம் வந்து நிற்கும். குழந்தைகள் புத்தகத்தில் படிப்பதற்கும், தங்கள் ஊர்க் குளத்தில் போன மாசம் எடுத்த படத்தைப் பார்ப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம்.

பறவைப் படம் என்றால் ஒரே காட்சிக்குத் தொடர்ச்சியாகப் பல படங்கள் விழும். டிஜிகேமில் லைட் டேபிள் என்று ஒன்று உண்டு. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுச் சேர்த்தே பெரிதாக்கி, எதில் கண் கூர்மையாக இருக்கிறது என்று பார்க்கலாம். ஒரே மாதிரியானவற்றைத் தேடிக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. முகங்களை அடையாளம் காணும் வேலையையும் இணையத்துக்கு எதையும் அனுப்பாமல் நம் கணினியிலேயே செய்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. கல்யாண ஆல்பம் வைத்திருக்கிற என் அக்காவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

டார்க்டேபிளைப் பற்றி ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இமயமலையைக் கடந்து கூந்தன்குளம் வரை வருகின்றன. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் சிலவற்றின் கழுத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்த வளையம் மாட்டி விடுகிறார்கள். அந்த எண்ணைச் சரியாகப் படித்துத் தெரிவித்தால், அந்த ஒரு வாத்தின் பயணம் பதிவாகிறது. ஒரு தடவை எனக்கு அப்படி ஒரு வாத்து கிடைத்தது. ஆனால் காலை வெயில் அதன் முதுகுக்குப் பின்னால். தண்ணீர் வெள்ளையாகப் பளபளக்க, கழுத்து ஒரே இருட்டு. கேமரா தந்த ஜேபெக் படத்தில் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். இருட்டுப் பகுதிக்கு அதில் கிடைப்பது கொஞ்சம். போதாக்குறைக்குக் கேமராவே இரைச்சலை, அதாவது படத்தில் விழும் புள்ளிப் புள்ளியான கறையை, குறைக்கிறேன் என்று நுணுக்கத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். டார்க்டேபிளில் அதைத் திறந்து, எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சத்தை, இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) ஏற்றினேன். கழுத்தைச் சுற்றி ஒரு வட்ட மாஸ்க் போட்டு (திருத்தம் அதற்குள் மட்டும் விழ), டோன் ஈக்வலைசரால் நிழலை மட்டும் மேலே தூக்கினேன். அந்தக் கேமராவுக்கும், ஐஎஸ்ஓ எனும் அதன் ஒளியுணர்வு அளவுக்கும் அளந்து வைத்த அளவுகளைக் கொண்டு இரைச்சலைக் குறைக்கும் மாட்யூல் (ஒவ்வொரு திருத்தத்துக்கும் இருக்கும் தனிக் கருவி) ஒன்று இருக்கிறது, அதை மிகக் குறைவாக. நூறு சதவீதத்தில் பார்த்தபோது எண்ணின் இடது பக்கம் மூடாமல் திறந்திருந்தது தெரிந்தது. மூன்று. அதே தொடரில் வாத்து தலையைத் திருப்பிய இன்னொரு படத்தையும் எடுத்து இதே திருத்தங்களை அதற்கும் ஒட்டிப் பார்த்தேன். அதிலும் மூன்றேதான். அன்றைக்கு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்த மாதிரி வேலையில் கூர்மையாக்கும் மாட்யூல்களை அதிகம் தொடக் கூடாது என்பது என் கட்சி. இல்லாத விளிம்பை அவை உண்டாக்கிவிடும். செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் கருவிகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அவை எண்ணைப் படிப்பதில்லை, ஊகித்து வரைகின்றன. அழகுக்கு என்றால் சரி, சான்றுக்கு ஆகாது.

டார்க்டேபிள் அசல் கோப்பில் ஒரு பைட்டைக்கூட மாற்றுவதில்லை. நான் செய்த ஒவ்வொரு படியும் பக்கத்தில் இருக்கும் சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் வரிசையாக இருக்கிறது. யாராவது அசலைக் கேட்டால் அப்படியே கொடுக்கலாம். எப்படி இந்த எண்ணுக்கு வந்தேன் என்பதையும் படிப்படியாகக் காட்டலாம். டிஜிகேமையும் துணைக்கோப்பு பயன்படுத்தச் சொல்லியிருந்தால், ஒன்றில் போட்ட டேக் மற்றதிலும் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. டார்க்டேபிளில் மாட்யூல்கள் ஏராளம், புதிதாகத் திறப்பவருக்கு மலைப்பாகத்தான் இருக்கும். ஒரே வேலைக்கு மூன்று வழிகள் உண்டு. நான் எட்டு மாட்யூல்களை மட்டும் ஒரு தனிப் பட்டியலாகச் சேர்த்து வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிட்டேன். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் மெதுவாகவும் இருக்கும். அதற்குப் பொறுமைதான் வழி. இது ஒத்துவராதவர்கள் ராதெரபியைப் பார்க்கலாம், அதுவும் கட்டற்றதுதான்.

நேரம் பற்றி ஒரு விஷயம். கணக்கெடுப்பு நாளில் நாலைந்து பேருடைய படங்கள் ஒன்று சேரும். ஒவ்வொரு கேமராவின் கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டும். அதனால் காலையில் குளக்கரைக்குப் போனதும் எல்லாரும் செல்போன் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். படத்தில் தெரியும் நேரத்துக்கும் கேமரா பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டால், எக்ஸிஃப்டூல் ஒரே கட்டளையில் அந்தக் கேமராவின் படங்கள் அத்தனையையும் நகர்த்திவிடும். ஃபில் ஹார்வி என்ற ஒருவர் 2003 முதல் விடாமல் வளர்த்துவரும் கருவி அது. கட்டளை வரி பிடிக்காதவர்களுக்கு டிஜிகேமிலேயே நேரம் மாற்றும் சாளரம் இருக்கிறது. நேரம் சரியானால் இடமும் சரியாகும். ஓஎஸ்எம்ஆண்ட் வரைபடச் செயலியில் நடந்த தடத்தைப் பதிந்து ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்தால், எந்த நிமிடத்தில் எங்கே நின்றோம் என்று பொருத்திப் படத்தில் இடத்தை எழுதிவிடலாம்.

இடத்தை எழுதுவது எனக்கு. ஊருக்குக் கொடுக்கும்போது, கூடு இருக்கிற படம் என்றால் இடத்தை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன். டார்க்டேபிளில் ஏற்றுமதி செய்யும்போது இடக்குறிப்பு வேண்டாம், டேக் வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எல்லா விவரமும் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். ஆகவே எங்கள் குழுவில் படங்களை டாக்குமென்டாக அனுப்பச் சொல்கிறோம்.

கிம்ப் எனக்கு அதிகம் வேண்டியதில்லை. பள்ளிச் சுவரில் ஒட்டும் பறவை அட்டவணைக்குத்தான். 1990களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது. 2025இல் 3.0 பதிப்பு வந்தது. அதில் ஃபில்டர்களைப் போட்ட பிறகும் மாற்ற முடிகிறது, அது பெரிய நிம்மதி. நாங்கள் அட்டவணைக்கு முக்த மலர் எழுத்துருவைப் பயன்படுத்துகிறோம். கொம்பும் காலும் புள்ளியும் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருக்கின்றன. பூநாரை, கரண்டிவாயன், மீசை ஆலா, நாமக்கோழி என்று பிள்ளைகளே தட்டச்சு செய்கிறார்கள்.

தொடங்க நினைக்கிறவர்கள் மொத்த ஹார்ட் டிஸ்கையும் ஒரே நாளில் டிஜிகேமுக்குள் கொட்ட வேண்டாம். கடைசியாகப் போய்வந்த இடத்தின் ஃபோல்டர் ஒன்றை மட்டும் எடுங்கள். ஆகாத படங்களைக் கழியுங்கள், மிச்சத்துக்குப் பெயரும் இடமும் போடுங்கள். அப்புறம் அந்த ஃபோல்டரை வேறு ஒரு கணினிக்கு நகலெடுத்து, வேறு ஒரு மென்பொருளில் திறந்து, நீங்கள் எழுதிய பெயர்கள் அங்கே தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் பழைய ஃபோல்டர்களுக்குப் போகலாம். தெரியாவிட்டால் மெட்டாடேட்டா பக்கத்துக்குத் திரும்பிப் போய் எந்தத் தேர்வு விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள், எங்கேயாவது மாட்டிக்கொண்டால் எனக்கு எழுதுங்கள்.